முழங்கால் போனாலும் வரவேண்டிய பணம்

(சிதறாலில் கால்பந்து ஆர்வலர்களும் பெற்றோரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆட்டத்தின் அழகைப் பற்றிப் பேச இந்த ஊரிலேயே எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் இன்று ஆட்டக்காரனின் கூலியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

ஒவ்வொரு ஆண்டும் கோடை வந்துவிட்டால் விளையாட்டுப் பக்கத்தில் ஒரே மாதிரியான செய்திகள் வரிசையாக வரும். இன்னார் இந்தக் கிளப்பை விட்டு அந்தக் கிளப்புக்குப் போகிறார், மூன்றாண்டு ஒப்பந்தம், தொகை இவ்வளவு. வாசிக்கிற நாம் வாயைப் பிளக்கிறோம். வீட்டில் பந்து உதைக்கிற பையன் இருந்தால் நமக்கும் ஆசை வருகிறது. அதில் தப்பில்லை. ஆனால் அந்தத் தொகையில் எவ்வளவு உறுதியாக அவன் கைக்கு வரும், எவ்வளவு வராமலே போகலாம் என்பதை அந்தச் செய்தி சொல்வதே இல்லை.

தொழில்முறை ஆட்டக்காரனின் வாழ்க்கையைத் தீர்மானிப்பவை இரண்டு கேள்விகள். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் தனக்குப் பிடித்த இடத்துக்குப் போக அவனுக்கு உரிமை உண்டா? ஒப்பந்தம் நடக்கும்போது, காயமே பட்டுப் படுத்தாலும், பேசிய பணம் வந்து சேருமா? முதலாவதைச் சுதந்திரம் என்றும் இரண்டாவதை உத்தரவாதம் என்றும் வைத்துக்கொள்வோம். நம் அப்பன், பாட்டன் காலத்து ஆட்டக்காரனுக்கு உத்தரவாதம் இருந்தது, சுதந்திரம் குறைவு. இன்றைய பிள்ளைகளுக்குச் சுதந்திரம் கிடைத்திருக்கிறது, உத்தரவாதம் கரைந்துகொண்டிருக்கிறது. இரண்டும் சேர்ந்து வேண்டும். நான் சொல்ல வந்தது இதுதான்.

இந்த மாவட்டத்தில் இதைப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. இங்கிருந்து மார்த்தாண்டம் வழியாக மேற்குக் கடற்கரைக்கு இறங்கினால் நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை என்று எட்டு ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. ஆழ்கடலுக்குப் போய்ச் சுறா பிடிப்பதில் பேர்பெற்ற ஊர்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயலில் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர்கள். அதே மணலில்தான் கால்பந்தும் வளர்ந்தது.

இரவிபுத்தன்துறையில் பிறந்தவர் மைக்கேல் சூசைராஜ். சென்னை சிட்டி அணியில் ஐ-லீக் ஆடி, 2018-ல் ஜாம்ஷெட்பூர் அணிக்குப் போய் இந்தியன் சூப்பர் லீக் எனும் ஐ.எஸ்.எல். மேடையேறினார். அடுத்த ஆண்டு கொல்கத்தாவின் ஏ.டி.கே. கிளப், டிரான்ஸ்பர் கட்டணம் கொடுத்து அவரை எடுத்துக்கொண்டது. அந்த சீசனில் ஏ.டி.கே. பட்டமும் வென்றது. 2019-ல் இந்திய அணிக்கும் ஆடினார். நம் கடற்கரைப் பையன் ஒருவன் நாட்டின் சட்டையைப் போட்டான் என்பது சின்ன விஷயம் இல்லை.

அடுத்த சீசன், கொரோனாவால் முழுக்க கோவாவிலேயே நடந்தது. 2020 நவம்பர் 20, முதல் ஆட்டம், பாம்போலிம் மைதானம். எதிரே கேரளா பிளாஸ்டர்ஸ். பார்வையாளர் ஒருவர்கூட இல்லாத மைதானம். முதல் பாதியிலேயே சூசைராஜ் முழங்காலில் அடிபட்டு வெளியே போனார். அந்த ஆட்டத்தை அவருடைய அணி 1-0 என்று வென்றது. அவருக்கோ அந்த சீசன் அன்றோடு முடிந்துவிட்டது. பல மாத உழைப்புக்குப் பிறகு திரும்பி வந்து ஆடினார், பிறகு ஒடிசா அணிக்கும் போனார். அவருடைய ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தது என்பது அவருக்கும் கிளப்புக்கும் உரிய விஷயம். ஆனால் அந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த ஒவ்வொரு தாயும் தகப்பனும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நம் பிள்ளைக்கு இப்படி ஆனால் அடுத்த மாதச் சம்பளம் வருமா?

டிரான்ஸ்பர் கட்டணம் என்று சொன்னேனே, அதைப் பலர் சம்பளத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். ஒப்பந்தம் பாக்கி இருக்கும்போது ஆளை எடுத்தால் புதுக் கிளப் பழைய கிளப்புக்குக் கொடுக்கும் விலை அது. அதில் ஆட்டக்காரனுக்கு நேரடிப் பங்கு கிடையாது. ஒப்பந்தம் முடிந்து, எந்தக் கிளப்புக்கும் கட்டுப்படாமல் நிற்பவன்தான் ஃப்ரீ ஏஜென்ட். அவனை எடுக்கப் பழைய கிளப்புக்கு ஒரு பைசா தர வேண்டாம். அந்த மிச்சத்தில் ஒரு பகுதியைக் கையெழுத்துப் பணமாகவும் கூடுதல் சம்பளமாகவும் அவன் கேட்டு வாங்கலாம். ஃபிஃபா விதிப்படி, ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே அடுத்த கிளப்போடு கையெழுத்துப் போடவும் செய்யலாம்.

இந்த உரிமையை யாரும் தாம்பாளத்தில் வைத்துத் தரவில்லை. இங்கிலாந்தில் 1961 ஜனவரி வரை எவ்வளவு பெரிய ஆட்டக்காரனானாலும் வாரச் சம்பளம் 20 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று வரம்பு இருந்தது. ஒப்பந்தம் முடிந்தாலும் கிளப் விடவில்லை என்றால் வேறு இடத்தில் ஆட முடியாது. நியூகாசில் அணியின் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் அதை எதிர்த்து வழக்குப் போட்டார். 1963-ல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ், ஆளைப் பிடித்து வைக்கும் அந்த முறை தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமற்ற தடை என்று தீர்ப்பளித்தார்.

அடுத்து பெல்ஜியத்தின் ஜான் மார்க் போஸ்மன். 1990-ல் ஆர்.எஃப்.சி. லியேஜ் கிளப்போடு அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. மாதம் 1,20,000 பிராங்க் வாங்கிக்கொண்டிருந்தவருக்கு 30,000 தருகிறோம் என்றார்கள். பிரான்சின் டன்கர்க் கிளப் அவரைக் கூப்பிட்டது. லியேஜ் விடவில்லை. ஒப்பந்தமும் இல்லை, வேறிடம் போகவும் வழியில்லை. ஐந்தாண்டு வழக்காடினார். 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரனுக்கு ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் டிரான்ஸ்பர் கட்டணம் கேட்கக் கூடாது என்றது. 2021-ல் மெஸ்ஸி பாரிசுக்குப் போனதும், 2024-ல் எம்பாப்பே ரியல் மாட்ரிட்டுக்குப் போனதும் அந்தத் தீர்ப்பு திறந்த கதவு வழியாகத்தான். கதவைத் திறந்த போஸ்மனோ தன் ஆட்ட வயதை நீதிமன்றத்தில் தொலைத்து, பின்னாளில் வறுமையில் வாடினார்.

நம் நாட்டிலும் இதற்கு ஒப்பான தீர்ப்பு உண்டு. அது கிரிக்கெட்டில் வந்தது. ஜாகீர் கானுக்கும் அவருடைய விளம்பர ஒப்பந்தங்களைக் கவனித்த பெர்செப்ட் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கு. ஒப்பந்தம் முடிந்த பிறகும் வேறு நிறுவனத்தோடு சேருமுன் எங்களிடம்தான் முதலில் வர வேண்டும் என்று ஒரு சரத்து. அது செல்லாது என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 27-வது பிரிவு, ஒருவன் தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு செல்லாது என்கிறது. தம்பிமார்களே, அந்தப் பிரிவின் எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காலம் முடிந்த பிறகும் உன்னைக் கட்டி வைப்பேன் என்று எவனாவது தாளை நீட்டினால் அது உங்கள் பக்கம் நிற்கும்.

சரி, இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம். முன்பு சென்னை லீக்கின் அணிப் பட்டியலைப் பார்த்தால் இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., சுங்கத்துறை, வருமான வரித்துறை, ஏ.ஜி. அலுவலகம் என்று அரசு அலுவலகங்களின் பெயர்களே இருக்கும். நன்றாக ஆடினால் வேலை. காலில் அடிபட்டால் மேசைக்குப் போகலாம். ஆட்டம் ஓய்ந்த பிறகும் சம்பளம் உண்டு, ஓய்வூதியம் உண்டு. அந்தக் காலத்து ஆட்டக்காரனுக்கு அந்த வேலை ஆணைதான் உத்தரவாத ஒப்பந்தம்.

செகந்திராபாத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த துளசிதாஸ் பலராம் 1962 ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் ஆடியவர், ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடியவர். அவர் 1963-ல் பி.என்.ஆர். ரயில்வே அணிக்குப் போனார். முப்பது வயதுக்கு முன்பே நோயால் ஆட்டத்தை விட வேண்டிவந்தது. 2023-ல் அவர் காலமானபோது எழுதியவர்கள் அவருடைய கோல்களை எண்ணினார்கள். இருபத்தேழு வயதுக்குள் உடம்பு கைவிட்ட ஒருவருக்கு ஒரு வேலை என்பது எவ்வளவு பெரிய துணை என்பதை நான் எண்ணிப் பார்த்தேன்.

பக்கத்து மாநிலத்தின் ஐ.எம். விஜயனை உங்களுக்கு நன்றாகத் தெரியும். திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற பையன். கேரள போலீஸ் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. கொல்கத்தாவுக்குப் போனார், பல கிளப்புகளுக்கு ஆடினார், சினிமாவிலும் நடித்தார். போலீஸ் வேலை அவருக்குக் கடைசிவரை கைகொடுத்தது, 2025-ல் அதிகாரியாகவே ஓய்வு பெற்றார்.

அந்த முறையைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். வேலை கொடுத்த அலுவலகத்துக்குத்தான் ஆட வேண்டும், பெரிய லீக்குக்குப் போக நினைத்தால் விடுப்பும் அனுமதியும் கேட்டு நிற்க வேண்டும். கொல்கத்தாவிலோ கையெழுத்துக் காலம் வந்தால் கிளப் ஆட்கள் ஆட்டக்காரர்களை யார் கண்ணிலும் படாமல் ஒளித்து வைத்து, நேரம் பார்த்துக் கால்பந்துச் சங்க அலுவலகத்துக்கு அழைத்துப் போவார்கள். ரசிகனுக்கு அது சாகசம். அடைபட்டுக் கிடந்தவனின் விருப்பம் என்ன என்று யாரும் கேட்கவில்லை.

2014-ல் ஐ.எஸ்.எல். வந்தது. பணமும் வந்தது. 2015-ல் நடந்த ஏலத்தில் சுனில் சேத்ரியை மும்பை அணி 1.20 கோடிக்கு எடுத்தது. ஏலம் என்பதால் எந்த ஊருக்குப் போவது என்பது ஆட்டக்காரன் கையில் இல்லை. பின்னர் அதுவும் மாறியது. இன்று ஒப்பந்தம் முடிந்தவன் தானே பேசி, தானே கிளப்பைத் தேர்ந்தெடுக்கிறான். போஸ்மனின் சுதந்திரம் இந்தியாவுக்கும் வந்துவிட்டது. ஆனால் கிளப்பே கலைந்துபோனால்?

சென்னை சிட்டி அணியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019 மார்ச் 9, கோவை நேரு விளையாட்டரங்கம். மினெர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் பின்தள்ளி, சென்னை சிட்டி ஐ-லீக் பட்டத்தைத் தூக்கியது. தமிழ்நாட்டுக் கிளப் ஒன்று தேசிய லீக்கை வென்ற நாள் அது. 2021-22 ஐ-லீக் தொடங்கியபோது அந்தக் கிளப்பின் பெயரே பட்டியலில் இல்லை. மூன்றாண்டுகூட ஆகவில்லை. அதற்கு முன் 2010-ல் மஹிந்திரா யுனைடெட், 2011-ல் ஜே.சி.டி. என்று பேர்பெற்ற அணிகள் மூடப்பட்டன. 2022-ல் ஐ.எஸ்.எல். கோப்பையைத் தூக்கிய ஹைதராபாத் அணியில் இரண்டே ஆண்டில் சம்பளப் பாக்கி என்று சொல்லி ஆட்டக்காரர்கள் நடு சீசனில் கூட்டமாக வெளியேறினார்கள்.

2025-ல் நடந்ததோ எல்லாவற்றுக்கும் மேல். லீக்கை அப்போது நடத்திவந்த நிறுவனத்துக்கும் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் இடையே 2010-ல் போட்ட 15 ஆண்டு ஒப்பந்தம் அந்த டிசம்பரில் முடிவதாக இருந்தது. அதைப் புதுப்பிப்பதில் இழுபறி. ஜூலையில் அடுத்த சீசனை நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. முதன்மை அணியின் சம்பளத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. ஒடிசா, ஒப்பந்தங்களையே நிறுத்திவைத்தது. இரண்டு முறை பட்டம் வென்ற நம் சென்னையின் எஃப்.சி. தன் செயல்பாடுகளை நிறுத்தியது. மேலே இரண்டு நிறுவனங்கள் தங்கள் தாளைப் புதுப்பிக்கத் தவறியதால் கீழே, செல்லத்தக்க ஒப்பந்தத்தைக் கையில் வைத்திருந்த ஆட்டக்காரனின் வீட்டு வாடகை நின்றது. இது அநியாயம். வேறு பெயர் இதற்கு இல்லை.

உலகம் முழுக்கவே இந்த நோய் இருக்கிறது. ஆட்டக்காரர்களின் பன்னாட்டுச் சங்கமான ஃபிஃப்ப்ரோ 2016-ல் 54 நாடுகளில் ஏறத்தாழ 14,000 பேரிடம் விசாரித்தது. முந்தைய இரண்டு சீசன்களில் சம்பளம் தாமதமானதாகச் சொன்னவர்கள் 41 விழுக்காடு. எம்பாப்பேயே பழைய கிளப் தனக்கு 5.5 கோடி யூரோ பாக்கி வைத்திருக்கிறது என்று புகார் கொடுக்க வேண்டிவந்தது. பிரெஞ்சு லீக்கின் குழு 2024-ல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அவருக்கு வக்கீல் படையே இருக்கிறது. நம் பையனுக்கு யார் இருக்கிறார்?

இந்த இடத்தில் அமெரிக்காவைப் பார்க்கச் சொல்வேன். அங்கே ஃபுட்பால் என்பது கையில் பந்தை எடுத்து ஓடி மோதும் வேறு ஆட்டம். அந்த லீக்கின் பெயர் என்.எஃப்.எல். உடம்பு நொறுங்கும் ஆட்டம், எத்தனை ஆண்டு தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நீதிமன்றத்தில் ஆட்டக்காரர்கள் வென்றதைத் தொடர்ந்து 1993-ல் அங்கே ஃப்ரீ ஏஜென்ட் முறை வந்தது. அந்த ஆண்டே ரெஜி வைட் என்ற பெரிய ஆட்டக்காரர் கிரீன் பே அணியோடு நான்காண்டுக்கு 1.7 கோடி டாலர் பேசிக் கையெழுத்திட்டார். ஆனால் அந்த லீக்கில் ஒப்பந்தத் தொகை முழுவதும் உறுதியானது இல்லை. பாதியில் ஆளை நீக்கினால் மிச்சச் சம்பளம் போய்விடும். அதனால் அங்கே உத்தரவாதத் தொகைக்காகத்தான் பேரமே நடக்கிறது. செய்தித்தாளும் இரண்டு எண்ணையும் சேர்த்தே போடுகிறது.

2024 மார்ச்சில் கிர்க் கசின்ஸ் என்ற ஆட்டக்காரர் ஃப்ரீ ஏஜென்டாக அட்லாண்டா அணிக்குப் போனார். நான்காண்டு, மொத்தம் 18 கோடி டாலர், அதில் உத்தரவாதம் 10 கோடி. அதற்கு ஐந்து மாதம் முன்புதான் குதிகால் தசைநாண் அறுந்து படுத்திருந்தார். புது அணியிலும் டிசம்பரிலேயே அவரை உட்கார வைத்துவிட்டு இளைஞன் ஒருவனை ஆட விட்டார்கள். ஆனால் உத்தரவாதம் என்று எழுதிய பணத்தை அணி தொட முடியாது. 18 கோடி என்பது தலைப்புச் செய்தி, 10 கோடிதான் அவருடைய சொத்து.

நம் பிள்ளைகளின் தாளுக்கு வருவோம். புரிவதற்காக ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எந்தக் கிளப்பின் தாளும் இல்லை, என் கற்பனைக் கணக்கு. இருபது வயதுப் பையன் ஒருவனிடம் மூன்றாண்டுக்கு 30 லட்சம் என்கிறார்கள். ஊரே கொண்டாடுகிறது. தாளைப் பிரித்துப் பார்த்தால், முதல் ஆண்டு மாதம் 40,000. சம்பளம் 10 மாதத்துக்கு மட்டும், ஆக 4 லட்சம். இரண்டாம் ஆண்டு மாதம் 60,000, ஆக 6 லட்சம். மூன்றாம் ஆண்டு மாதம் 80,000, ஆக 8 லட்சம். ஆனால் மூன்றாம் ஆண்டு கிளப் விரும்பினால் மட்டுமே. ஆண்டுக்கு ஒரு லட்சம் தங்குமிடம், சாப்பாடு. மிச்சம் 9 லட்சம், களம் இறங்கினால் இவ்வளவு, கோல் போட்டால் இவ்வளவு என்று ஊக்கத்தொகை. எல்லாம் நடந்தால்தான் 30 லட்சம். உறுதியான சம்பளம் இரண்டாண்டுக்கு 10 லட்சம்தான்.

இன்னும் ஒரு வரி உள்ளே கிடக்கிறது. நீண்ட காயம் ஏற்பட்டால் இரண்டு மாதச் சம்பளம் கொடுத்துக் கிளப் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். ஐந்தாவது மாதம் முடியும்போது பையனின் முழங்கால் போகிறது. அதுவரை வாங்கியது 2 லட்சம். முடித்துக்கொள்ளும்போது 80,000. முப்பது லட்சம் என்று பேர் வாங்கியவன் 2,80,000 ரூபாய் சம்பளத்தோடு வீட்டுக்கு வருகிறான். அறுவைச் சிகிச்சைச் செலவு யாருடையது என்று தாளில் எழுதவே இல்லை.

காயத்தைக் காரணம் காட்டி ஒப்பந்தத்தை முறிப்பதை ஃபிஃபாவின் தீர்ப்பாயம் பல வழக்குகளில் ஏற்க மறுத்திருக்கிறது. மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று எழுதுவதையும் ஃபிஃபா விதி தடுக்கிறது. பரிசோதனையைக் கையெழுத்துக்கு முன்பே முடிக்க வேண்டும். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி விழுந்தால், எழுத்தில் 15 நாள் கெடு கொடுத்து, அதன்பிறகும் வரவில்லை என்றால் தக்க காரணத்தோடு விலகலாம் என்று 2018-ல் விதி வந்தது. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவனை மூன்றாண்டுக்கு மேல் கட்ட முடியாது. நம் நாட்டுச் சட்டப்படி அந்த வயதில் அவன் போடும் ஒப்பந்தமே செல்லாது, அதனால்தான் பெற்றோரைக் கூப்பிடுகிறார்கள். கூப்பிடும்போது இனிப்போடு மட்டும் போகாதீர்கள், ஒரு வக்கீலோடு போங்கள்.

ஒப்பந்தம் இரண்டு பக்கத்தையும் கட்டும் என்பதையும் தம்பிமார்கள் உணர வேண்டும். 2024-ல் அன்வர் அலி மோகன் பகான் அணியிலிருந்து ஈஸ்ட் பெங்காலுக்குப் போனபோது, தக்க காரணமில்லாமல் ஒப்பந்தத்தை முறித்தார் என்று கூட்டமைப்பின் குழு அவருக்கு நான்கு மாதத் தடை விதித்தது. 12.90 கோடி ரூபாய் இழப்பீடு என்றது. விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது. நாம் கிளப்பிடம் நேர்மையைக் கேட்டால், நாமும் கொடுத்த கையெழுத்தைக் காக்க வேண்டும்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கேரளத்தில் செவன்ஸ் என்ற எழுவர் ஆட்டம் ஆடப் போகிற பிள்ளைகள் இங்கே நிறைய. இரவு விளக்கில் ஆட்டம், முடிந்ததும் கையில் காசு. கூட்டமைப்பின் அங்கீகாரம் அதற்கு இல்லை, தாள் ஒன்றும் கிடையாது. எல்லாம் வாய்ச்சொல். அடிபட்டால் அன்றைய மேட்ச் பணத்தோடு சரி. குடும்பத்தில் அடுப்பு எரிய வேண்டும் என்று போகிறவனை நான் குறை சொல்ல மாட்டேன். அவனைக் கூட்டிப்போகிறவர்கள் காப்பீடாவது எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று கேட்பது நம் கடமை.

வாய்ச்சொல்லை நம்பி இருக்கலாமே, நம் ஆட்கள்தானே என்று சிலர் சொல்கிறார்கள். இந்த ஊர் மலையிலேயே அதற்குப் பதில் இருக்கிறது. திருச்சாரணத்து மலையில் ஆய் மன்னன் விக்கிரமாதித்திய வரகுணனின் 28-வது ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. அரட்டநேமி பட்டாரரின் மாணவி குணந்தாங்கிக் குரத்திகள் பட்டாரிக்குப் பொன் அணி கொடுத்ததை அது சொல்கிறது. கொடுத்தவர் துறவி, வாங்கியது தெய்வம். அவர்களுக்குள்ளும் யார், எப்போது, என்ன கொடுத்தார் என்பதைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். ஏறத்தாழ 1,100 ஆண்டு கழித்து நாம் அதை வாசிக்கிறோம். எழுதி வைப்பது அவநம்பிக்கை ஆகாது. கொடுக்கல் வாங்கலில் அதுதான் மரியாதை.

உத்தரவாதம் கேட்டால் கிளப்புகள் திவாலாகிவிடும், ஆட்டக்காரன் சோம்பேறி ஆகிவிடுவான் என்று ஒரு வாதம் உண்டு. இங்கே ரப்பர் தோட்டம் வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரிந்ததையே பதிலாகச் சொல்கிறேன். ஏழாண்டு வளர்த்து, இருபது ஆண்டுக்கு மேல் பால் எடுக்க வேண்டிய மரம் என்றால் நீங்கள் பட்டையில் காயம் படாமல் நாள் விட்டு நாள் வெட்டுவீர்கள், மழைக்குப் பிளாஸ்டிக் பாவாடை கட்டுவீர்கள். முறிக்கப்போகிற மரத்தை ஒன்றிரண்டு ஆண்டுக்குக் குத்தகைக்கு எடுத்தவரோ மேலும் கீழும் வெட்டி, உள்ள பாலையெல்லாம் இழுத்துவிடுவார். ஆட்டக்காரனின் உடம்பும் அப்படித்தான். படுத்தாலும் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும் என்று எழுதியிருந்தால், அவன் முழங்காலைக் குணமாக்க நல்ல மருத்துவரைக் கிளப்பே தேடும், வலிக்கு ஊசி போட்டு இறக்காது. உத்தரவாதம் ஆட்டக்காரனுக்குக் காட்டும் சலுகை இல்லை, கிளப்புக்கு அவன் உடம்பின் மேல் அக்கறை வரச் செய்யும் ஏற்பாடு. திவாலைப் பற்றிச் சொன்னால், கொடுக்க முடியாத தொகையைப் பேசி ஆள் சேர்ப்பதை நிறுத்தினாலே பாதித் திவால் நின்றுவிடும்.

எனவே சில வேண்டுகோள்களை உங்கள் முன் வைக்கிறேன்.

பெற்றோரே, நீட்டிய அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். மொத்தத் தொகையைக் கேட்டு மயங்காமல், காயம் பட்டாலும் வருவது எவ்வளவு, எத்தனை மாதச் சம்பளம், மருத்துவச் செலவு யாருடையது, அடுத்த ஆண்டைத் தீர்மானிப்பவர் யார், தகராறு வந்தால் எங்கே முறையிடுவது என்று ஐந்து கேள்வி கேளுங்கள். பதில் எழுத்தில் இல்லாவிட்டால் பதிலே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட வரும் ஏஜென்டிடம் ஃபிஃபா உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். கையெழுத்திட்ட தாளின் ஒரு பிரதி வீட்டு அலமாரியில் இருக்க வேண்டும்.

தம்பிமார்களே, கல்லூரியை விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டில் அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு இட ஒதுக்கீடு உண்டு. பட்டமும் சான்றிதழும் கையில் இருந்தால்தான் அந்த வாசலுக்குப் போக முடியும். இந்தியக் கால்பந்து ஆட்டக்காரர்களின் சங்கம் 2006 முதல் இருக்கிறது. தொழில்முறைக்குப் போகிற அன்றே அதில் சேருங்கள். ஈஸ்ட்ஹாமின் வழக்குச் செலவை அவருடைய சங்கம்தான் தாங்கியது.

கால்பந்தை நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். சீசன் தொடங்குமுன் ஒவ்வொரு கிளப்பும் சில மாதச் சம்பளத்தை வங்கி உத்தரவாதமாகக் கட்டட்டும். கட்டாத கிளப்புக்கு ஆள் சேர்க்க அனுமதி தராதீர்கள். ஆட்டக்காரன் கையெழுத்திடும் ஒப்பந்தத்தின் தமிழ்ப் பிரதியை அவன் கையில் கொடுங்கள். மாவட்டச் சங்கம் வக்கீல் ஒருவரை ஏற்பாடு செய்து, எந்தப் பையனும் காசில்லாமல் தன் தாளை வாசித்துப் புரிந்துகொள்ள வழி செய்யட்டும். பத்திரிகையாளர்களே, அடுத்த முறை ஒப்பந்தச் செய்தி எழுதும்போது மொத்தத் தொகையோடு நிறுத்தாமல் அதில் உத்தரவாதம் எவ்வளவு என்று கேட்டு எழுதுங்கள்.

இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, உங்களில் சிலர் நாளை பெரிய கிளப்புக்குப் போகத்தான் போகிறீர்கள். போகும்போது நல்ல ஒப்பந்தத்தோடு போங்கள். உங்களுக்குப் பின்னால் வரும் பையனுக்கு அதை வாசித்துக் காட்டுங்கள்.